வந்தோர் கணக்கும் வாராதோர் கணக்கும்

தாது வருடப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 பெரும்பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லிட்டன் பிரபுவின் அரசு சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. பஞ்ச நிவாரண வேலைத்தலங்களில் கூட்டம் பெருகுகிறது, செலவு ஏறுகிறது, உண்மையில் வறியவர் எத்தனை பேர் என்று கண்டறிய வேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட பணியின் சாரம். மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் தாராளமாகச் செலவழித்தார் என்று கடுமையாக ஏசப்பட்டவர் அவர். இம்முறை அந்தப் பழி வராதபடி நடந்துகொண்டார். நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைக்கப்பட்டது. வேலைத்தலம் வீட்டிலிருந்து பத்து மைல் தொலைவுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற ‘தூரச் சோதனை’ வற்புறுத்தப்பட்டது. பதிவேடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் நீங்கினர். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், ஒரு பவுண்டு தானியத்தில் உழைக்கும் உடல் நிற்காது என்று எழுத்து மூலம் எதிர்த்தார். அவரிடம் இருந்தது உடலின் கணக்கு. டெம்பிளிடம் இருந்தது வருகைப் பதிவேட்டின் கணக்கு. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் அப்பஞ்சம் ஏறத்தாழ 55 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

இந்த வரலாற்றில் கொடுமை ஒரு பகுதி. அளவைமுறை இன்னொரு பகுதி. ஆய்வாளர் அதிகம் கவனிக்காத பகுதியும் அதுவே. 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையத்தின் அறிக்கையையும், அதையொட்டி 1883இல் வந்த தற்காலிகப் பஞ்ச விதித்தொகுப்பையும் படிப்பவர்கள் ‘சோதனை வேலை’ என்னும் ஏற்பாட்டைக் காணலாம். ஒரு வட்டாரத்தில் பஞ்சம் வந்துவிட்டதா என்ற ஐயம் எழுந்தால், அங்கே கடினமான வேலையைக் குறைந்த கூலிக்குத் திறந்து பார்ப்பது. ஆட்கள் திரண்டு வந்தால் பஞ்சம் உண்டு, வராவிட்டால் இல்லை. நிர்வாக நோக்கில் இது மிக மலிவான கருவி. வீடு வீடாகப் போக வேண்டியதில்லை; தேவை தானே நடந்து வந்து தன்னைப் பதிவுசெய்துகொள்ளும். ஆனால் பத்து மைல் நடக்க முடியாத அளவுக்கு மெலிந்துவிட்டவர், கைக்குழந்தையை விட்டு வர இயலாதவர், சாதியின் காரணமாக அந்த வரிசையில் நிற்க விடப்படாதவர் ஆகிய அனைவரும் இந்தக் கருவியின் பார்வையில் ‘தேவையற்றவர்’ ஆகிவிடுகின்றனர். வராமை என்பது வேண்டாமை என்று வாசிக்கப்படுகிறது. இந்தியாவில் பொது வேலைத் திட்டங்களின் வீச்சை அளக்கும் முறைகளில் இந்த வாசிப்பு எவ்வளவு காலம் உயிரோடிருந்தது என்பதும், வேலைக்குத் தொடர்பே இல்லாததாகத் தோன்றும் நோயாளி ஊர்திச் சேவைக்குள்ளும் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதும் பின்தொடர்ந்து பார்க்கத் தக்கவை.

விடுதலைக்குச் சற்று முன், 1945இல், போரிலிருந்து திரும்பும் படைவீரர்களைக் குடிவாழ்வில் அமர்த்துவதற்காக வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. விரைவிலேயே அவை பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1959ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடங்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. இவ்வலுவலகங்களின் உயிர்ப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை பல பத்தாண்டுகள் நாளிதழ்களில் ‘நாட்டின் வேலையில்லாதோர்’ என்ற தலைப்புடன் வந்துகொண்டிருந்தது. பதிவுமூப்பு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த அலுவலகத்தின் வாசல் வரிசையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் வேலையின்மையை அளக்கவில்லை. வேலையில் இருந்துகொண்டே மேலான வேலைக்காகப் பதிந்தவர்கள் அதில் இருந்தனர், படித்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தனர், நகரத்தவரும் பள்ளி முடித்தவரும் மிகுதியாக இருந்தனர். நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் இடையே மூன்று மாதம் வேலையின்றிக் கிடந்த நிலமற்ற கூலியாளின் பெயர் அதில் இல்லை. அவருக்கு அந்த அலுவலகத்தால் தரக்கூடியது எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அவர் பதியவில்லை. வழங்க ஒன்றுமில்லாத வாசலில் யாரும் நிற்பதில்லை என்ற எளிய உண்மை, பிற்காலத் திட்டங்களைப் புரிந்துகொள்ளவும் தேவைப்படும்.

இதற்கு மாற்றாக வீட்டுக்குப் போய்க் கேட்கும் மரபு ஒன்றும் உருவானது. மகலனோபிசின் முன்முயற்சியில் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அதன் முதுகெலும்பு. வேலையின்மையை எப்படி வரையறுப்பது என்று ஆராய்ந்த தந்த்வாலா குழு 1970இல் தந்த அறிக்கையின் விளைவாக, 1972–73ஆம் ஆண்டின் 27ஆவது சுற்றிலிருந்து வழக்கமான நிலை, வார நிலை, நாள் நிலை என்ற மூவகை அளவைகள் வந்தன. நாள் நிலையில் ஆள் எண்ணப்படுவதில்லை; நாள் எண்ணப்படுகிறது, அதுவும் அரை நாள் நுணுக்கத்தில். இந்தியக் கிராமத்தில் முழு வேலையற்றவர் குறைவு, துண்டு துண்டான வேலையின்மையே மிகுதி என்பதை இக்கருவியே வெளிக்கொணர்ந்தது. அதே காலத்தில் பொருளியல் அறிஞர் ராஜ் கிருஷ்ணா, வேலையின்மையைக் காலம், வருவாய், விருப்பம், உற்பத்தித்திறன் என்ற நான்கு நோக்குகளில் பார்க்கலாம் என்று வாதிட்டார். இவற்றுள் விருப்பம் என்பதுதான் நிர்வாகப் பதிவேடுகளுக்கு எப்போதும் பிடிபடாதது. வேலை செய்தவரைப் பதிவேடு அறியும். செய்ய விரும்பியவரை அறியாது.

மகாராட்டிரம் இந்த இரு மரபுகளும் மோதிக்கொண்ட இடம். வி. ச. பாகே என்ற காந்தியச் சட்ட மேலவைத் தலைவரின் யோசனையால் 1965இல் சாங்லி மாவட்டத்தின் தாஸ்காவ் வட்டாரத்தில் சிறு சோதனையாகத் தொடங்கிய வேலை உறுதி முயற்சி, 1972–73 வறட்சியின்போது மாநிலம் தழுவிய நிவாரணமாக விரிந்தது. 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் நிவாரண வேலைத்தலங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் இருந்தனர். வறட்சி நீங்கியபின் இது கலைந்துபோகாமல் சட்டமானது. 1977இல் நிறைவேறிய வேலை உறுதிச் சட்டம் 1979 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர மக்களின் தொழில் வரியிலிருந்து கிராமத்தின் வேலைக்கு நிதி எடுத்த ஏற்பாடு அது. பஞ்ச விதித்தொகுப்பில் வேலை அரசின் கருணை. இங்கே அது சட்டப்படியான கோரிக்கை. ஆனால் வெற்றியை அளந்த கருவி மட்டும் மாறவில்லை: மஸ்டர் ரோலில் எத்தனை பேர். கோரிக்கை உரிமையாகிவிட்டது, கோரியவர் எத்தனை பேர் என்று எண்ணும் ஏடு அதே எடையில் வளரவில்லை.

வருகை குறைந்தபோது, தேவை குறைந்துவிட்டது என்றே விளக்கம் வந்தது. இவ்விளக்கத்தைச் சோதிக்க 1988 ஒரு வாய்ப்பைத் தந்தது. அவ்வாண்டின் நடுவில் குறைந்தபட்சக் கூலி உயர்த்தப்பட்டதையொட்டித் திட்டத்தின் கூலி ஏறத்தாழ இரு மடங்கானது. கூலி உயர்ந்தால் வருவோர் கூட வேண்டும். ஆனால் வருகை சரிந்தது. மார்ட்டின் ரவாலியன், கௌரவ் தத், சுபம் சௌதுரி ஆகியோர் 1993இல் வெளியிட்ட கட்டுரை இந்த முரணைத்தான் பற்றிக்கொண்டது. மக்கள் வராமலில்லை, வேலை திறக்கப்படவில்லை; உயர்ந்த கூலிக்கு ஏற்ப நிதி உயராதபோது நிர்வாகம் வேலைத்தலங்களைச் சுருக்கிப் பங்கீடு செய்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு பதிவேட்டின் எண்ணை, அது சொல்ல மறுக்கும் செய்திக்குச் சாட்சியாக நிறுத்திய அக்கட்டுரை இன்றும் ஆய்வு மாணவர்கள் படிக்க வேண்டியது. அதன் கணிதம் எளிது, கேள்விதான் கூர்மையானது.

இடையே ஒரு வழக்கையும் குறிப்பிட்டாக வேண்டும். ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் பஞ்ச நிவாரணச் சாலைப் பணியில் இருந்த தொழிலாளருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகத் தரப்பட்டது. குழுவாகத் தோண்டிய மண்ணை அளந்து, மொத்த அளவுக்கு ஏற்பக் கூலியைக் குழுவினருக்குள் பிரித்ததால் அப்படி நேர்ந்தது. அளவு குறைந்தால் கூலி குறையும் என்பது பொதுப்பணித் துறையின் கணக்கு. 1983இல் உச்ச நீதிமன்றம், பஞ்ச நிவாரணம் என்ற பெயராலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. குழியை அளப்பதும் அரசியல்தான் என்பதை மண்வெட்டி பிடித்தவர்கள் நீதிமன்றத்துக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இனி 2005. அந்த ஆண்டின் நாட்காட்டியை ஒருமுறை வரிசையாகப் பார்ப்பது பயன் தரும். ஏப்ரல் 12இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியது. ஆகஸ்டு 15இல் ஆந்திரப் பிரதேசத்தில் 108 என்ற மூன்று இலக்க எண்ணுடன் கட்டணமில்லா அவசர ஊர்திச் சேவை தொடங்கியது. செப்டம்பரில் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அக்டோபர் 12இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2006 பிப்ரவரி 2இல், அதே ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டம் பண்ட்லபல்லியில், வேலை உறுதித் திட்டத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். வேலையும் ஊர்தியும், அவற்றைப் பற்றிக் கேட்கும் உரிமையும், பத்து மாத இடைவெளிக்குள் வந்தவை. ஆய்வுலகில் இவை தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. பொருளியலார் ஒன்றையும் பொது சுகாதாரத்தார் மற்றொன்றையும் எடுத்துக்கொண்டனர். ஆனால் வடிவத்தில் அவை உடன்பிறந்தவை. இரண்டும் ‘கேட்பவருக்குக் கொடு’ என்ற விதியில் இயங்குபவை. ஒன்றில் விண்ணப்பம், மற்றொன்றில் தொலைபேசி அழைப்பு. இரண்டிலும் கால வரம்பு உண்டு: வேலைக்குப் பதினைந்து நாள், ஊர்திக்கு நிமிடங்கள். இரண்டிலும் வெற்றியின் எண் கேட்டவருக்குள்ளிருந்தே எடுக்கப்படுகிறது.

வேலைத் திட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘நூறு நாள் வேலை’ என்று மக்கள் பெயரிட்ட இத்திட்டம் 200 மாவட்டங்களில் தொடங்கி 2008 ஏப்ரல் முதல் ஊரக மாவட்டங்கள் அனைத்துக்கும் விரிந்தது. பத்து மைல் தூரச் சோதனையின் நாட்டில், ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை தர வேண்டும், அதற்கு அப்பால் என்றால் பத்து விழுக்காடு கூடுதல் கூலி தர வேண்டும் என்று சட்டம் எழுதியது. தூரம் வடிகட்டியாக இருந்தது போய் இழப்பீட்டுக்கு உரிய சுமையாக மாறியது. 1877க்கும் 2005க்கும் இடையில் நடந்த மாற்றத்தை இந்த ஒரு விதி எவ்வளவோ பக்கங்களைவிட நன்றாகச் சொல்லும்.

2009–10ஆம் ஆண்டின் நிர்வாகக் கணக்குப்படி, வேலை கேட்ட குடும்பங்கள் ஏறத்தாழ 5.29 கோடி, வேலை பெற்றவை ஏறத்தாழ 5.26 கோடி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல். அதே ஆண்டில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 66ஆவது சுற்று, ஊரகக் குடும்பங்களை வீட்டிலேயே சந்தித்து, திட்டத்தில் வேலை செய்தீர்களா, செய்யாவிட்டால் கேட்டும் கிடைக்கவில்லையா என்று கேட்டது. பூஜா தத்தா, ரிங்கு முர்காய், ரவாலியன், டொமினிக் வான் டி வால் ஆகியோர் 2012இல் இத்தரவுகளைப் பகுத்தபோது, ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு வேலையை விரும்பியது, அவற்றுள் ஏறத்தாழ 56 விழுக்காட்டுக்கே அது கிடைத்தது என்று தெரிந்தது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே திட்டம். ஒரு கணக்கில் கிடைக்காதோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை, மற்றொன்றில் நாற்பதுக்கு மேல். வறுமை மிகுந்த மாநிலங்களில் இந்த இடைவெளி மேலும் அகன்றிருந்தது. பீகாரில் விரும்பிய குடும்பங்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. பெற்றவை பத்தில் ஒன்று என்ற அளவு.

இரண்டில் ஒன்று பொய் என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியுமல்ல. இரண்டும் தத்தம் வரையறைக்கு உண்மையானவை. பதிவேட்டில் ‘கேட்டவர்’ என்பது, விண்ணப்பம் கணினியில் ஏறியவர். ஊராட்சி அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டு, வேலை வரும்போது சொல்கிறோம் என்ற பதிலோடு திரும்பியவர் கேட்டவர் ஆகார். பல இடங்களில் வேலை உறுதியான பின்பே விண்ணப்பம் எழுதப்பட்டது. ஆகவே கேட்டதும் கிடைத்ததும் ஏறக்குறைய ஒரே எண்ணாயின. தொகுதியை எடுத்துப் பகுதியில் வைத்தால் விடை ஒன்றுதான் வரும் என்பது பள்ளிக் கணக்கு.

ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கு ஊழியரின் சோம்பலை மட்டும் காரணமாக்குவது ஆய்வாகாது. சட்டத்தின் நிதிப் பங்கீட்டில் ஒரு முடிச்சு இருந்தது. உடலுழைப்புக் கூலி முழுவதும் நடுவண் அரசின் பொறுப்பு. பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் தர வேண்டிய வேலையில்லாப் படி மாநில அரசின் பொறுப்பு. தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கொடுக்காவிட்டால் ஓடாது. ஒரு துண்டுக் காகிதம் மாநிலக் கருவூலத்துக்குச் செலவாகும் என்ற நிலையில், கீழ்மட்ட அலுவலகம் அந்தக் காகிதத்தில் சிக்கனம் பிடிப்பது வியப்பல்ல. கேட்பின் அளவு இவ்வாறு ஊற்றிலேயே வெட்டப்பட்டது. அந்த வெட்டுப்பட்ட எண்ணே அடுத்த ஆண்டின் தொழிலாளர் வரவுசெலவுக்கும் அடிப்படையாக இருந்தது என்பதுதான் இதில் கவலைக்குரியது. கடந்த ஆண்டு யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர் இந்த ஆண்டும் கணக்கில் இல்லை.

சராசரியும் தன் பங்குக்கு மறைக்கும். பெருந்தொற்று ஆண்டான 2020–21இல் ஏறத்தாழ 389 கோடி மனித நாட்கள் உருவாயின, 7.55 கோடி குடும்பங்கள் பங்கேற்றன. இரண்டும் அதுவரை காணாத உயரங்கள். வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு 51 நாட்களுக்குச் சற்று மேல். சட்டம் சொன்ன நூறு நாளை எட்டியவை சுமார் 72 லட்சம் குடும்பங்கள், அதாவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மனித நாள் என்ற அலகு தந்த்வாலா குழுவின் நாள் நிலை அளவையோடு உறவுடையது. ஆனால் அங்கே அது இல்லாமையை அளக்கப் பிறந்தது, இங்கே சாதனையை அறிவிக்கப் பயன்பட்டது.

கூலித் தாமதத்தின் கணக்கிலும் இதே தந்திரம் நெடுநாள் நிலவியது. வேலை முடிந்த நாளிலிருந்து நிதி மாற்று ஆணை உருவாகும் நாள் வரைதான் தாமதம் எண்ணப்பட்டது. ஆணை உருவான பின், பணம் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் ஏறும் வரையிலான நாட்கள் எண்ணப்படவில்லை. தொழிலாளிக்கு இரண்டும் ஒரே பசி. 2018இல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டாம் கட்டத் தாமதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று கூறியது.

ஊர்திக்கு வருவோம். 108 தொடங்கிய 2005இல் ஊரக இந்தியாவில் நூறு பேருக்கு இரண்டு தொலைபேசி இணைப்புகூட இல்லை. கட்டணமில்லா எண்ணை அழைக்கவே ஒருவர் தொலைபேசிக் கடை வரை நடக்க வேண்டியிருந்த காலம் அது. செல்பேசி பரவியபோது சேவையும் பரவியது. 2007இல் குஜராத், 2008இல் தமிழ்நாடு என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2009 தொடக்கத்தில் இதைத் தொடங்கிய நிறுவனத்தின் புரவலரது மென்பொருள் குழுமம் கணக்கு மோசடியில் சரிந்தபோதும் சேவை நிற்கவில்லை. வேறொரு குழுமம் பொறுப்பேற்றது, அரசு நிதி தொடர்ந்தது. இந்திய நலத்திட்ட வரலாற்றில் இவ்வளவு விரைவாக மக்கள் பேச்சில் கலந்துவிட்ட எண் வேறில்லை. அதற்கு முன் அரசு மருத்துவமனை வாசலில் நின்ற வண்டிகள் பெரும்பாலும் ஓட்டுநர் இல்லாதவை, எரிபொருள் இல்லாதவை, அல்லது அலுவலரின் பயன்பாட்டில் இருந்தவை என்பதை நினைத்தால், சாதனை சிறிதல்ல. 2011இல் வந்த தாய்–சேய் நலத் திட்டம் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் போக்கும் மீட்பும் இலவசம் என்றாக்கியது. அதற்கென 102 என்ற எண் பல மாநிலங்களில் உயிர்பெற்றது.

மஸ்டர் ரோலைவிட அழைப்பு மையத்தின் தரவு பல மடங்கு செறிவானது. அழைப்பு வந்த நொடி, வண்டி ஒதுக்கப்பட்ட நொடி, புறப்பட்ட நொடி, நோயாளியை அடைந்த நொடி, மருத்துவமனையில் சேர்த்த நொடி என ஒவ்வொன்றும் முத்திரை பெறுகிறது. ஆயினும் ‘சென்றடையும் நேரம்’ எங்கிருந்து தொடங்குகிறது என்பது வரையறையைப் பொறுத்தது. வண்டி ஒதுக்கப்பட்ட நொடியிலிருந்து எண்ணினால் ஒரு விடை. அழைப்பு வந்த நொடியிலிருந்து எண்ணினால் வேறு விடை. அருகில் வண்டி இல்லை, காத்திருங்கள் என்று சொல்லப்பட்டுப் பின் ஆட்டோவிலோ டிராக்டரிலோ போனவரின் நேரம் முதல் கணக்கில் இல்லவே இல்லை. வண்டி கிடைத்தவர்களின் சராசரி என்பது வேலை கிடைத்தவர்களின் சராசரியைப் போன்றதே.

அடுத்து, விதிமுறை. ஒரு லட்சம் மக்களுக்கு அடிப்படை உயிர்காப்பு ஊர்தி ஒன்று, ஐந்து லட்சத்துக்கு மேம்பட்ட ஊர்தி ஒன்று என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல். பகுதியில் மக்கள்தொகை இருக்கிறது, நிலம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி லே மாவட்டத்தின் மக்கள் 1,33,487. பரப்பு 45,110 சதுர கிலோமீட்டர். அளவுகோலை எழுத்துக்கு எழுத்து வைத்தால் அங்கே ஒன்றோ இரண்டோ வண்டி போதும். மும்பை புறநகர் மாவட்டத்தின் மக்கள் 93 லட்சத்துக்கு மேல். பரப்பு ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே தொண்ணூறுக்கு மேல் வேண்டும். நடைமுறையில் மாநிலங்கள் இதைத் தளர்த்தித்தான் பயன்படுத்தின. ஆயினும் ‘விதிமுறை நிறைவேறியது’ என்ற வாக்கியம் அறிக்கையில் ஏறும்போது இந்த அளவுகோலே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. மலையும் காடும் உள்ள மாவட்டம் ஒன்று விதிமுறையை நிறைவேற்றிக்கொண்டே டோலியில் நோயாளியைச் சுமந்துகொண்டிருக்கலாம். விசாகப்பட்டினத்தின் பாடேரு மலைச் சிற்றூர்களிலிருந்து கர்ப்பிணிகள் மூங்கிலில் கட்டிய துணித்தூளியில் சாலை வரை சுமந்து வரப்பட்ட செய்திகள், 108 பிறந்த மாநிலத்திலேயே, அது பிறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் வந்துகொண்டிருந்தன. அழைப்பு மையத்தின் கடிகாரம் வண்டி சாலை முனையை அடைந்ததும் நின்றுவிடும். டோலியின் கடிகாரம் அதற்கு எத்தனையோ மணி முன்பு ஓடத் தொடங்கியிருக்கும்.

வீட்டுக்குப் போய்க் கேட்கும் மரபு இங்கே உதவுமா? ஓரளவு. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் சுகாதாரச் சுற்றுகள், குறிப்பாக 2014இன் 71ஆவது சுற்றும் 2017–18இன் 75ஆவது சுற்றும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் போக்குவரத்துச் செலவைக் கேட்டன. தேசியக் குடும்பநல ஆய்வு, மருத்துவம் பெறுவதில் வாகனம் பிடிப்பது பெண்களுக்குப் பெருஞ்சிக்கலா என்று கேட்கிறது. ஆனால் வேலைக்கு 66ஆவது சுற்று கேட்ட கேள்விக்கு நேரான ஒன்று — ஊர்தி வேண்டியிருந்ததா, அழைத்தீர்களா, வந்ததா — என்று வரிசையாகக் கேட்டு நாடு தழுவிப் பதிந்தால்தான் பகுதி சரியாக அமையும். மருத்துவமனையில் சேர்ந்தவரிடம் மட்டும் செலவைக் கேட்பது, சேர முடியாதவரை மறுபடியும் வெளியே நிறுத்திவிடுகிறது.

பதிவேட்டைத் திருப்பி வாசிக்கும் இன்னொரு மரபு ராஜஸ்தானிலிருந்து வந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட்கிரானாவில் நடத்திய முதல் மக்கள் விசாரணையில் மஸ்டர் ரோல்கள் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. இறந்தவர் பெயரும், வேலைக்கே போகாதவர் பெயரும் அதில் கூலி பெற்றிருந்தன. வேலை உறுதிச் சட்டத்தின் சமூகத் தணிக்கைப் பிரிவு இந்த முற்றத்திலிருந்தே வந்தது. ஆந்திரம் அதற்கென்று தனி அமைப்பையே நிறுவியது. ஏட்டில் உள்ள பொய்யான வருகையைப் பிடிப்பதில் இதற்கு இணையான கருவி இல்லை. ஏட்டில் இல்லாத மெய்யான தேவையைப் பிடிக்க வேண்டுமானால், தணிக்கையாளர் பட்டியலில் உள்ள வீடுகளோடு நிற்காமல் பட்டியலில் இல்லாத வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். ஆந்திரத்தின் கிராமத் தணிக்கைகள் வீடு வீடாகச் சென்றதால் இது அங்கே ஓரளவு நிகழ்ந்தது. பின்னர் வந்த கைப்பேசி வருகைப் பதிவு, 2023 சனவரி முதல் வேலைத்தலத்தில் நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்றுவதைக் கட்டாயமாக்கியபோது, அக்கறை மீண்டும் பொய் வருகையின் பக்கமே சாய்ந்தது. அலைவரிசை கிடைக்காத வேலைத்தலத்தில் நாள் முழுதும் மண் சுமந்தவர், படம் ஏறாததால் வராதவரானார். தூரச் சோதனைக்குப் பதில் கோபுரச் சோதனை.

வாராதோரை எண்ணும் ஒரு ஏடு இந்தியப் பொது நிர்வாகத்தில் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு 1990களிலேயே தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கியது. 2010இல் தாய் இறப்பு ஆய்வுக்கான நடுவண் அரசின் வழிகாட்டுதல்கள் வந்தன. முடிவெடுப்பதில் தாமதம், சென்று சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சையில் தாமதம் என்று தடியஸும் மெய்னும் 1994இல் வகுத்த மூன்று தாமதங்களே இவ்வாய்வின் சட்டகம். இறந்த பெண்ணின் வீட்டுக்குச் சென்று, வலி எப்போது தொடங்கியது, யார் வண்டி தேடினார், எது கிடைத்தது, எந்த மருத்துவமனையிலிருந்து எந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்று உறவினரிடம் கேட்டு எழுதுகிறார்கள். அழைப்பு மையத்தில் பதியாத அழைப்பு, வராத வண்டி, நடந்த தூரம் எல்லாம் அந்தப் படிவத்தில் இடம் பெறுகின்றன. வேலையில்லாப் படிக்கான ஒப்புகைச் சீட்டுக்கு இல்லாத நேர்மை அதற்கு உண்டு. அந்தப் படிவத்தை நிரப்பத் தொடங்குவதற்குத் தேவைப்படும் தகுதி மட்டும் ஒன்றுதான்; அதில் முதல் வரியில் பெயர் எழுதப்படும் பெண் இறந்திருக்க வேண்டும்.